ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ரெஸ்யூமே பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் அதன் தோற்றத்தோடு நின்றுவிடுகின்றன. எந்த டெம்ப்ளேட் அழகு, எந்த நிறம் எடுப்பாக இருக்கும், போட்டோ வைக்கலாமா கூடாதா என்பதைத் தாண்டிப் போவதில்லை. ஐ.டி. வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இதனால் உதவியைவிட உபத்திரவமே அதிகம். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, தெரிந்ததை எழுதிக் காட்டத் தெரியாததால் நேர்காணல் வரை வராமலே போய்விடுகிறார்கள். விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் வேலையிலும், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் வேலையிலும் இருப்பவர்கள் நாங்கள். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் ஃபைல். நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமே நேராக ஒருவர் கைக்குப் போவது குறைவு. ஏ.டி.எஸ். என்று சொல்லப்படும் மென்பொருளுக்குள் போகிறது. அது எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், தொலைபேசி, நிறுவனம், தேதி, தொழில்நுட்பம் என்று பெட்டி பெட்டியாகப் போட்டு வைக்கிறது. பிறகு ஆள் தேடுகிறவர் "ஸ்பிரிங் பூட், காஃப்கா, 4 வருடம்" என்று தொழில்நுட்பப் பெயர்களையும் அனுபவத்தையும் போட்டுத் தேடும்போது யார் பெயர் வருகிறதோ அவர்களைப் பார்க்கிறார். சில இடங்களில் பொருத்தத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதும் உண்டு. "மென்பொருள் என்னை நிராகரித்துவிட்டது" என்று பலர் வருந்துகிறார்கள். பல நேரம் நடப்பது அதைவிட எளிமையானது. ஃபைலுக்குள் இருந்த விஷயம் சரியாக வெளியே வரவில்லை, அதனால் தேடலில் பெயர் வரவில்லை.

ஏன் வராது? இரண்டு பத்தியாகப் பிரித்த டெம்ப்ளேட்டில் இடது பக்கம் "பைத்தான்" என்றும் அதே உயரத்தில் வலது பக்கம் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், சில மென்பொருள்கள் இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படிக்கும். நிறுவனத்தின் பெயரே பைத்தானில் தொடங்குவதாகிவிடும். வேர்டில் ஹெட்டர் பகுதிக்குள் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வைத்தால், ஹெட்டரைப் படிக்காத மென்பொருளுக்கு நீங்கள் தொடர்பு விவரமே இல்லாத ஆள். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் எழுதியது இடம் மாறும், சில சமயம் காணாமலே போகும். தொலைபேசி, கடித உறை போன்ற குட்டி ஐகான்கள் பொருளற்ற கட்டங்களாக வரும். ஜாவாவுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், எஸ்.க்யூ.எல்.லுக்கு 80 சதவீதப் பட்டை என்று வரைந்து வைப்பவை படங்கள். அவை அப்படியே உதிர்ந்துவிடும். உதிராமல் வந்தாலும் பயனில்லை. எதில் 80 சதவீதம்?

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறும் உண்டு. சில எழுத்துருக்களில் எஃப், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒட்டி ஒரே உருவாக அச்சாகும். திரையில் அழகாகத்தான் தெரியும். பி.டி.எஃப்.பிலிருந்து எழுத்தை உருவும்போது அந்த ஒட்டெழுத்து தொலைந்து, "சர்டிஃபைட்" என்ற சொல்லின் நடுவே ஓட்டை விழுந்துவிடும். அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

இதையெல்லாம் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். பி.டி.எஃப்.பைத் திறந்து கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழே வாசியுங்கள். பெயர், எண், வேலை, தேதி எல்லாம் வரிசை மாறாமல், எழுத்து உதிராமல் வந்தால் சரி. எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே வெறும் படம். ஸ்கேன் செய்ததாகவோ, டிசைன் செயலியில் படமாக ஏற்றுமதி செய்ததாகவோ இருக்கும். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல், 10 முதல் 12 அளவு எழுத்தில் எழுதி பி.டி.எஃப். ஆக்கினால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வரவே வராது. படிப்பு முடித்துப் புதிதாக வருபவருக்கு ஒரு பக்கம். பத்து வருட அனுபவசாலிக்கும் இரண்டு பக்கத்துக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

தேதிகளில் சோம்பல் கூடாது. "2021–2022" என்று மட்டும் எழுதினால், அது 2021 டிசம்பரில் சேர்ந்து 2022 ஜனவரியில் விலகிய இரண்டு மாதமாகவும் இருக்கலாம், முழு 24 மாதமாகவும் இருக்கலாம். மென்பொருள் அனுபவத்தைக் கூட்டிக் கணக்கிடுவது இந்தத் தேதிகளை வைத்துத்தான். எல்லா இடத்திலும் மாதமும் வருடமும், ஒரே வடிவில். நடுவில் எட்டு மாதம் வேலை இல்லையென்றால் அதை மறைக்க வருடங்களை மட்டும் எழுதுவது பலனளிக்காது. பின்னணிச் சரிபார்ப்பில் மாதங்கள் வெளியே வரும். அப்போது உறுத்துவது இடைவெளி அல்ல, மறைத்தது. "குடும்பப் பொறுப்பு", "உடல்நலம்", "படிப்பு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இனி ஆட்கள் படிக்கும் கட்டம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018இல் கண்ணசைவை அளந்து செய்த ஆய்வில், ஆள் தேர்வு செய்பவரின் முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. அவ்வளவு நேரத்தில் பார்க்க முடிவது முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியைத்தான். அந்த இடத்தில் பலர் எழுதுவது என்ன? "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்." இந்த வரியை யார் பெயருக்குக் கீழேயும் போடலாம் என்பதால் யாரைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பதில் மூன்று வரி எழுதுங்கள். எந்த வேலை, எத்தனை வருடம், எந்தத் தொழில்நுட்பத்தில் ஆழம், கடைசியாகச் செய்த பெரிய காரியம் என்ன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலையை விவரிக்கும் வரிகள். ஒரே வேலையை மூன்று விதமாக எழுதிக் காட்டுகிறோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில் இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் விதம்: "ஆர்டர் போர்ட்டலின் செயல்திறனை மேம்படுத்துவதில் பங்காற்றினேன்." பங்காற்றினேன் என்றால் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாரா, நிரல் எழுதினாரா, தெரியாது.

இரண்டாம் விதம்: "ஆர்டர் போர்ட்டலின் செயல்திறனை 90 சதவீதம் உயர்த்தினேன்." எண் வந்துவிட்டது, விஷயம் வரவில்லை. எதன் 90 சதவீதம், எங்கிருந்து எங்கே, எப்படி அளந்தது? எண் போட வேண்டும் என்று யாரோ சொன்னதால் போட்ட எண் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

மூன்றாம் விதம்: "சுமார் 2 கோடி வரிசைகள் உள்ள போஸ்ட்கிரெஸ் டேபிளில் ஆர்டர் தேடல் 4 விநாடி எடுத்தது. மெதுவான குவெரியைக் கண்டறிந்து, வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் சேர்த்து இன்டெக்ஸ் அமைத்தேன். பி95 நேரம் 350 மில்லி விநாடிக்குக் குறைந்தது." போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ். குவெரி என்பது அதனிடம் கேட்கும் கேள்வி. இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவுபோலத் தேடலை வேகப்படுத்துவது. பி95 என்றால் நூறு கோரிக்கைகளில் 95 அந்த நேரத்துக்குள் முடிகின்றன என்று பொருள். சராசரியைவிட இது நம்பகமானது, ஏனென்றால் சராசரி மெதுவான சிலவற்றை மறைத்துவிடும்.

மூன்றாவது வரியைப் படித்த பேனல் (நேர்காணல் குழு) என்ன கேட்கும் என்று பாருங்கள். மெதுவான குவெரியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? குவெரி எப்படி ஓடுகிறது என்று சொல்லும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை என்ன காட்டியது? வாடிக்கையாளர் எண்ணை முன்னால் வைத்து, தேதியைப் பின்னால் வைத்தது ஏன்? (சமம் என்று பார்க்கும் நெடுவரிசை முதலில், இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிவரை என்று வரம்பில் தேடும் நெடுவரிசை அடுத்து வந்தால்தான் அந்த இன்டெக்ஸ் முழுப் பலன் தரும்.) ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் இன்டெக்ஸ் போடும்போது எழுதுவது தடைபடாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? புதிய ஆர்டர் பதிவாகும் வேகம் குறைந்ததா? உண்மையாகவே செய்தவருக்கு இவை எல்லாம் சொந்த வீட்டுச் சமாச்சாரம். நேர்காணலே அவர் பழகிய தரையில் நடக்கும். ரெஸ்யூமே எழுதுவதன் பெரிய பலன் இதுதான்: எந்தக் கேள்வி வர வேண்டும் என்பதை ஓரளவு நீங்களே தீர்மானிக்கலாம். பதில் தெரியாத வரியை எழுதுகிறவர் தன் கையாலேயே கேள்வித்தாளைக் கடினமாக்கிக்கொள்கிறார்.

"என்னிடம் எண் எதுவும் இல்லையே" என்பார்கள். தேடினால் கிடைக்கும். வேலைகளைக் குறிக்கும் டிக்கெட் பதிவுகள், நிரலில் செய்த மாற்றங்களைப் பதியும் கிட் வரலாறு, கண்காணிப்பு டேஷ்போர்டு எல்லாவற்றிலும் எண்கள் இருக்கின்றன. வேலையில் இருக்கும்போதே மாதம் ஒருமுறை செய்ததைக் குறித்து வையுங்கள். விலகிய பிறகு அந்தக் கணினி கையில் இருக்காது. துல்லியம் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடலாம். மேம்பாட்டின் அளவு தெரியாவிட்டால் வேலையின் அளவைச் சொல்லலாம்: எத்தனை பேர் குழு, எத்தனை சர்வர், நாளுக்கு எத்தனை கோரிக்கை, மாதத்துக்கு எத்தனை ரிலீஸ். எட்டுப் பேர் செய்ததில் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்து எழுதுவது அவசியம். "நாங்கள்" என்றே எல்லா வரியும் போனால், அதில் "நீங்கள்" எங்கே என்ற கேள்விதான் முதலில் வரும்.

எண் போடும்போது அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். "99.99 சதவீத அப்டைம் பராமரித்தேன்" என்று சிஸ்டம் அட்மின்கள் பலர் எழுதுகிறார்கள். அதன்படி வருடம் முழுவதற்கும் மொத்தம் 53 நிமிடத்துக்குள்தான் சேவை நின்றிருக்கலாம். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சேவையை நிறுத்திப் பராமரிப்புச் செய்ததாக அடுத்த வரியிலேயே எழுதினால் இரண்டும் ஒத்துப்போகாது. 99.9 என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள்.

மெஷின் லேர்னிங் விண்ணப்பங்களில் இதேபோல வருவது "98 சதவீத அக்யூரசி", அதாவது நூறு கணிப்பில் 98 சரி. ஆயிரம் பணப் பரிமாற்றங்களில் 20 மோசடி என்று வைத்துக்கொள்வோம். எதுவுமே மோசடி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கும் 98 சதவீதம் கிடைக்கும், ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காமல். அதனால் அந்த 20இல் எத்தனையைப் பிடித்தது, பிடித்ததாகச் சொன்னவற்றில் எத்தனை உண்மையான மோசடி என்ற இரண்டையும் எழுதுங்கள். முறையே ரீகால், பிரிசிஷன் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதைப் பார்த்ததுமே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். டெஸ்டிங் வேலையில் "1,200 டெஸ்ட் கேஸ் எழுதினேன்" என்பதைவிட, ரிலீஸுக்குப் பிறகு பயனர்கள் கண்ட பிழைகள் எவ்வளவு குறைந்தன, முழு ரெக்ரஷனை (பழைய வசதிகள் கெடவில்லையா என்று பார்க்கும் மறுசோதனையை) ஓட்டி முடிக்க முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை மணி என்பது பேசும்.

ஸ்கில்ஸ் பகுதிக்கு வருவோம். நாற்பது பெயர்களை அடுக்கி வைப்பது பலம் என்று நினைப்பது தவறு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கீழே ஏதாவதொரு வேலையிலோ புராஜெக்டிலோ பயன்பட்டதாகத் தெரிய வேண்டும். தெரியாதவற்றை எடுத்துவிடலாம். மொழிகள், ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸ், கிளவுட் என்று பிரித்து எழுதினால் படிக்க வசதி. சுருக்கப் பெயரையும் முழுப் பெயரையும் ஒருமுறையாவது சேர்த்து எழுதுங்கள், தேடுபவர் ஏ.டபிள்யூ.எஸ். என்றும் தட்டலாம், அமேசான் வெப் சர்வீசஸ் என்றும் தட்டலாம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். வலைப்பக்கங்கள் அமைக்க உதவும் ஆங்குலர்ஜேஎஸ் என்பதும், 2016இல் அடியோடு மாற்றி எழுதப்பட்டு வந்த ஆங்குலர் என்பதும் வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயரின் எழுத்துக்கூட்டலில் பிழை வந்தால் கேட்கவே வேண்டாம். தினமும் தட்டச்சு செய்கிற பெயரையே தப்பாக எழுதுகிறவர் அதை உண்மையில் பயன்படுத்தினாரா என்ற சந்தேகம் இயல்பாக வரும்.

பதிப்பு எண் எழுதுவது நல்லது, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3 ஓட ஜாவா 17 குறைந்தபட்சம் தேவை. ஒரே புராஜெக்டில் "ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 8" என்று எழுதியிருந்தால், அந்த வேலையை அவர் செய்யவில்லை அல்லது எதில் செய்தோம் என்று கவனிக்கவில்லை. இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. தற்போதைய வேலையில் உள்ள தொழில்நுட்ப வரியை அப்படியே வெட்டி எல்லாப் பழைய புராஜெக்டுக்கும் கீழே ஒட்டிவிடுவார்கள். 2013இல் முடிந்த புராஜெக்டில், பல சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் இருக்கும். குபெர்னெட்டிஸ் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டதே 2014இல். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்திராது, அவசரம்தான். ஆனால் எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் வெள்ளை எழுத்தில் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றி வருகிறது. இப்போது அதன் புது வடிவமாக, "இந்த விண்ணப்பத்தை முதலிடத்தில் வை" என்று ஏ.ஐ.க்குக் கட்டளை எழுதி ஒளிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எழுத்தை உருவி எடுத்தபின் வெள்ளை, கறுப்பு என்ற வித்தியாசமே இல்லை. ஒளித்தது முழுவதும் படிப்பவர் திரையில் வந்து நிற்கும். அதன் பிறகு திறமையைப் பற்றிய பேச்சே எழாது.

ஏ.ஐ. கொண்டு ரெஸ்யூமே எழுதுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இலக்கணம் திருத்த, நீண்ட வரியைச் சுருக்க அது நன்றாக உதவும். சிக்கல் எங்கே என்றால், விவரம் கொடுக்காமல் "நன்றாக எழுது" என்று கேட்டால் அது தானாகவே சதவீதங்களை இட்டுக்கட்டும். "செலவை 30 சதவீதம் குறைத்தேன்" என்ற வரி எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவருக்கே தெரியாது. அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச என்னால் முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

படித்துவிட்டுப் புதிதாக வருபவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். வேலை அனுபவம் இல்லாததால் புராஜெக்ட்தான் அவர்களுடைய சாட்சி. ஒரு வகுப்பில் அறுபது பேரும் அதே நூலக மேலாண்மை, அதே வருகைப் பதிவேடு என்று எழுதினால் யாரையும் வேறுபடுத்த முடிவதில்லை. தலைப்பு சாதாரணமாக இருக்கட்டும், பரவாயில்லை. அதில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலை எழுதுங்கள். ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் இருவர் முன்பதிவு செய்தால் என்ன ஆகும், அதை டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற டேட்டாபேஸ் ஏற்பாடு) கொண்டு எப்படித் தடுத்தீர்கள் என்ற ஒரு வரி, "ஜாவா, மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தி உருவாக்கப்பட்டது" என்ற வரியைவிடப் பல மடங்கு சொல்லும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் முகவரி கொடுத்தால் திறந்து பார்ப்பார்கள். முகப்பில் ஆறு களஞ்சியங்கள் (புராஜெக்ட் தொகுப்புகள்) வரை முன்னிறுத்தி வைக்க அங்கே வசதி உண்டு. உருப்படியான இரண்டு மூன்றை வைத்தாலே போதும். மற்றவர்களிடமிருந்து ஃபோர்க் செய்ததை (நகலெடுத்ததை) உங்களுடையதுபோல வைக்காதீர்கள். ரீட்மீ ஃபைலில் இது என்ன, எப்படி ஓட்டுவது, என்னென்ன தேவை, இன்னும் எது சரியாக இல்லை என்பதை எழுதுங்கள். வேறொரு கணினியில் அந்த வழிமுறைப்படியே ஓட்டிப் பாருங்கள். முழு நிரலும் ஒரே நாளில் ஒரே கமிட்டாக (ஒரே தடவைப் பதிவாக) ஏறியிருந்தால் எங்கிருந்தோ எடுத்ததோ என்ற ஐயம் வரும். சிறு சிறு கமிட்டுகளாக வளர்ந்த வரலாறே நீங்கள் எழுதியதற்கு ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. டேட்டாபேஸ் கடவுச்சொல், கிளவுட் சாவி போன்றவை உள்ள ஃபைலைத் தெரியாமல் ஏற்றிவிட்டு, பிறகு அதை அழித்து இன்னொரு கமிட் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். பொதுவில் கசிந்த சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் வேலையாக அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியது எடுக்க வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கு அடுத்தது. ரெஸ்யூமேயைப் பார்த்து கிட்ஹப்புக்குள் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கடவுச்சொல்லாக இருந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் குறைவு.

சான்றிதழ்களில் மேற்பார்வையுடன் தேர்வு எழுதி வாங்கியதையும், வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைத்ததையும் கலக்க வேண்டாம். முன்னதற்குச் சரிபார்ப்பு எண்ணும் தேதியும் எழுதுங்கள். காலாவதியும் உண்டு. ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். குபெர்னெட்டிஸ் நிர்வாகி சான்றிதழ் 2024 ஏப்ரல் முதல் இரண்டு வருடமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. முடிந்துபோனதை நடப்பில் உள்ளதாக எழுதினால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

வேறு நிறுவனத்துக்காகச் செய்த வேலையில் ரகசிய ஒப்பந்தம் இருந்தால், பெயரை விட்டுவிட்டு "ஒரு பெரிய வங்கி", "ஒரு விமான நிறுவனம்" என்று எழுதினால் போதும். உள் சர்வர் பெயர்கள், கட்டமைப்புப் படம் எதுவும் வேண்டாம். முன்னாள் நிறுவனத்தின் ரகசியத்தை ரெஸ்யூமேயில் கொட்டுகிறவர் நாளை நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். பிறந்த தேதி, முழு வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் இவற்றையும் எழுதாதீர்கள். ரெஸ்யூமே எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். டெம்ப்ளேட் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில், வாசகர்கள் தங்கள் ரெஸ்யூமேயிலிருந்து அனுப்பும் ஒரே ஒரு வரியை, பெயரும் நிறுவனமும் நீக்கி அச்சிட்டு, அதன் கீழே திருத்திய வடிவத்தையும், அந்த வரியைப் பார்த்து பேனல் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளையும் வாரம் ஒன்றாக வெளியிடலாம். திருத்திக் கொடுக்கும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் ஆள்தேர்விலும் நேர்காணலிலும் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள் சிலர்